இரவல் துப்பாக்கி: கொரியக் கேங்ஸ்டர் படங்களில் ஆயுதமும் பெண்ணும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் முதுகலை மாணவிகள் ஆறு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொரிய நாடகங்களைப் பார்த்துப் பார்த்துப் பாதிக் கொரியம் பேசுகிறவர்கள். கூடத்தில் பாய் விரித்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பார்க் ஹூன்-ஜுங் இயக்கிய 'நைட் இன் பாரடைஸ்' பார்த்தோம். 2020இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஆண்கள் ஆண்களைக் குத்திக்கொண்டிருந்தார்கள். மாணவிகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பாதிக் கவனத்தோடு இருந்தார்கள். கடைசியில் ஜே-யோன் என்ற இளம்பெண் துப்பாக்கியோடு ஓர் உணவகத்துக்குள் நுழைகிறாள். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கும்பலைச் சுட்டு வீழ்த்துகிறாள். மாணவிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், பிறகு கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த காட்சியில் அவள் கடற்கரைக்குப் போய்த் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். கூடம் அமைதியாகிவிட்டது.

ஒருத்தி கேட்டாள்: "ஏன் மேடம், ஒரு ஆம்பள இத்தன பேரச் சுட்டா அடுத்த பார்ட் எடுப்பாங்க. இவ சுட்டா மட்டும் ஏன் சாகணும்?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "அவளுக்குத்தான் நோய் இருக்கேடி. எப்படியும் செத்துத்தான போகப்போறா."

அந்த 'எப்படியும்' எனக்குப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. படத்தின் தர்க்கத்தை அவள் சரியாகவே பிடித்திருந்தாள். எப்படியும் சாகப்போகிறவள் என்பதால்தான் அவள் கையில் துப்பாக்கி வர முடிந்தது. அப்படியென்றால் நாங்கள் எதற்குக் கைதட்டினோம்?

*

ஆயுதங்களைப் பார்க்கும் முறையை நான் ஒரு பெண் கவிஞரிடமிருந்துதான் கற்றேன். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். அங்கே ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த பாட்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் பார்க்கும் விதம். ஆயுதத்தின் அழகில் அவர் மயங்கவில்லை. அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் பராமரிக்கிறார்கள், பயன்பட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். ஆயுதத்தின் இருப்பிடத்திலிருந்து அதிகாரத்தின் நிலைமையைக் கணிக்கிறார். கொரியப் படங்களின் துப்பாக்கிகளையும் அப்படிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. தென் கொரியாவில் சாதாரணக் குடிமக்கள் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் உள்ளவர்கள்கூட அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட காலத்தில் மட்டும் வாங்கிச் செல்ல வேண்டும். ஆகவே கொரியக் கேங்ஸ்டர் படங்களில் கத்தியும் கட்டையும்தான் அன்றாட ஆயுதங்கள். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்' படத்தின் புகழ்பெற்ற கொலையும் கத்திக் கொலைதான். கத்திக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. குத்துகிறவன் நெருங்கி வர வேண்டும், குத்தப்படுகிறவனின் உடம்பை ஏறக்குறைய அணைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன், தம்பி, தலைவர் என்று உறவுமுறை சொல்லி அழைத்துக்கொள்ளும் ஆண்களின் கூட்டத்தில் கத்தி அந்த உறவுக்குள்ளேயே புழங்கும் பொருள். துப்பாக்கி அப்படியல்ல. அது வெளியிலிருந்து, பெரும்பாலும் கடல் வழியாக வர வேண்டும். வந்துவிட்டால் வயதையும் வரிசையையும் மதிக்காது. கொரியப் படத்தில் துப்பாக்கி வெளியே வந்தால் அந்தக் குடும்பம் உடைந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. உடல்தகுதியுள்ள கொரிய ஆண்கள் எல்லோரும் கட்டாய ராணுவப் பணி செய்கிறார்கள். பிடிஎஸ் குழுவினர் 2022 இறுதியிலிருந்து ஒவ்வொருவராகப் படைக்குப் போனபோது எங்கள் மாணவிகள் நாள் எண்ணிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அந்தப் பணி பெண்களுக்குக் கட்டாயமில்லை. கடையில் கிடைக்காத துப்பாக்கியை அரசே ஒவ்வோர் ஆணின் கையிலும் கொடுத்து, பிரிக்கவும் பூட்டவும் குறிபார்க்கவும் கற்றுக்கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்கிறது. திரையில் ஓர் ஆண் துப்பாக்கியை எடுத்தால் 'இவனுக்கு இது எப்படித் தெரியும்' என்று கொரியப் பார்வையாளர் யாரும் கேட்க மாட்டார். பெண் எடுத்தால் படம் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

*

கிம் ஜீ-வூனின் 'எ பிட்டர்ஸ்வீட் லைஃப்' 2005இல் வந்தது. அதன் நாயகன் லீ ப்யுங்-ஹன்னை என் மாணவிகள் 'ஸ்க்விட் கேம்' தொடரின் முகமூடிக்காரராக அறிவார்கள். இதில் அவர் சுன்-வூ. காங் என்ற கும்பல் தலைவனுக்கு ஏழு ஆண்டுகள் உழைத்தவன். வெளியூர் போகும் காங், தன் இளம் காதலி ஹீ-சூவைக் கண்காணிக்கச் சொல்கிறான். அவளுக்கு வேறு ஒருவனோடு தொடர்பு இருந்தால் தீர்த்துவிட வேண்டும். தொடர்பு இருக்கிறது. ஆனால் சுன்-வூ இருவரையும் விட்டுவிடுகிறான். அதற்காகச் சித்திரவதை செய்யப்படுகிறான், உயிரோடு புதைக்கப்படுகிறான். தப்பி வந்து, தேடுவது ஒரு துப்பாக்கியை.

அந்தத் துப்பாக்கியை வாங்கும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கள்ள ஆயுத வியாபாரி கைத்துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுக்கிறான். பேரம் கெட்டுப்போகிறது. மேசையின் இரண்டு பக்கமும் இருவரும் பாகங்களை அவசர அவசரமாகப் பூட்டுகிறார்கள். முதலில் முடிப்பவன் பிழைப்பான். பாடம் சொல்லிக்கொடுத்தவனை மாணவன் சுட்டுவிடுகிறான். செத்தவனின் உறவுக்காரன் ஒருவன் பழி தீர்க்கக் கிளம்புகிறான், படத்தின் முடிவில் சுன்-வூவைக் கொல்பவன் அவன்தான். துப்பாக்கியின் விலை அதை வாங்கிய மேசையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் அந்த விலைக்கு அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். தலைவனை எதிரே நிறுத்தி, ஏன் எனக்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க முடிகிறது. தலைவனும் பதில் சொல்கிறான்: நீ என்னை அவமானப்படுத்தினாய். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. இருந்தாலும் கேட்க ஒரு வாயும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவனும் அவனுக்கு இருந்தார்கள். துப்பாக்கி அவனுக்கு வாங்கிக்கொடுத்தது அந்த உரையாடலை. சாகும் நேரத்தில் இனிய நினைவு ஒன்றையும் படம் அவனுக்குத் தருகிறது: ஹீ-சூ செல்லோ வாசிக்க, அவன் கேட்டுச் சிரித்த கணம். அதற்கும் பிறகு, இரவு நகரத்தைக் காட்டும் கண்ணாடியில் தன் பிம்பத்தோடு அவன் விளையாட்டாய்க் குத்துச்சண்டை போடும் காட்சியோடுதான் படம் முடிகிறது. இறந்தவனை எழுப்பி, அழகான சட்டையோடு நிறுத்தி, விடை கொடுக்கிறார்கள்.

ஹீ-சூ? அவளை முன்னிட்டுத்தான் இத்தனை பேர் செத்தார்கள். அது அவளுக்குத் தெரியும் என்பதற்கு எந்த அடையாளமும் படத்தில் இல்லை. அவள் வீட்டுக்கு ஒரு விளக்கு பரிசாக வருகிறது. ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது, எதிர்முனையில் யாரும் பேசுவதில்லை. ஒரு பெண் யாரை விரும்பலாம் என்பதுதான் இந்தப் போரின் முதல் கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள் அது மறைந்து, ஓர் ஆண் இன்னோர் ஆணை எப்படி அவமதிக்கலாம் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே இன்னொரு துப்பாக்கியையும் சொல்ல வேண்டும். யூன் ஜோங்-பின்னின் 'நேம்லெஸ் கேங்ஸ்டர்' (2012) 1980களின் பூசானில் நடக்கிறது. சோய் மின்-சிக் நடித்த சுங்க அதிகாரி, குலப்பெயரும் வம்சாவளியும் சொல்லிக் கும்பல் தலைவனோடு உறவு கொண்டாடி மேலே வருகிறான். அவனிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது, அதில் குண்டு இல்லை. அதை வைத்தே எல்லோரையும் மிரட்டுகிறான். சித்தப்பா, பெரியப்பா, இன்ன குலம், இன்ன தலைமுறை என்ற தந்தைவழிப் பட்டியலே அவனுக்குக் குண்டாக வேலை செய்கிறது. 1990இல் அரசு குற்றங்களுக்கு எதிராகப் 'போர்' அறிவித்தபோதும் அவன் தப்பிவிடுகிறான். ஆணுக்கு வெற்றுத் துப்பாக்கியே போதுமானதாக இருக்கிறது. பின்னால் குலம் நிற்கிறது.

*

இப்போது ஜே-யோனுக்கு வருவோம்.

'நைட் இன் பாரடைஸ்' படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் சாகிறார்கள். நாயகன் தே-குவின் அக்காவும் அவள் மகளும். அவனுக்கு ஒரு கோபம் வேண்டும், அதற்காக அவர்கள் சாக வேண்டும். அவன் எதிர்க் கும்பலின் தலைவனைக் கத்தியால் குத்திவிட்டு ஜேஜு தீவுக்கு ஓடுகிறான். அங்கே அவன் தங்கும் வீடு ஒரு கள்ள ஆயுத வியாபாரியுடையது. ஜே-யோன் அந்த வியாபாரியின் மருமகள். மாமாவின் தொழிலால் வந்த பகையில் அவள் குடும்பம் கொல்லப்பட்டது. அவளுக்குத் தீராத நோய். அந்தத் தொழிலை வைத்துக்கொண்டுதான் மாமா அவள் சிகிச்சைக்கும் வழி தேடுகிறார். அவள் குடும்பத்தைத் தின்ற துப்பாக்கிதான் அவளுக்குச் சோறும் போடுகிறது, மருந்தும் வாங்குகிறது.

இந்த வீட்டில் துப்பாக்கி அன்றாடப் பொருள். ராணுவம் கற்றுக்கொடுக்காத பெண்ணுக்குத் துப்பாக்கி எப்படித் தெரியும் என்ற கேள்விக்குப் படம் வைத்திருக்கும் விடை இதுதான்: அவள் துப்பாக்கிக் கடைக்காரர் வீட்டுப் பெண். அவள் குறிபார்த்துச் சுட்டுப் பழகுகிறாள். துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டிலும் வைத்துப் பார்க்கிறாள். ஜியோன் யோ-பீன் இந்தக் காட்சிகளில் சிணுங்கவோ உருகவோ இல்லாமல், எரிச்சலோடு நடித்திருக்கிறார். மாத்திரை டப்பாவைக் கையாள்வதுபோல் துப்பாக்கியைக் கையாள்கிறார். என் மாணவிகளுக்கு அவளைப் பிடித்துப்போனது இங்கேதான். பயமில்லாதவள், யாருக்காகவும் சிரிக்காதவள்.

ஆனால் அந்தப் பயமின்மைக்கு அடியில் மருத்துவ அறிக்கை ஒன்று இருக்கிறது. அவள் எதற்கும் அஞ்சாதவள் என்று சொல்ல, அவளுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை என்று படம் முதலில் உறுதிசெய்கிறது. குடும்பம் இல்லை, எதிர்காலம் இல்லை, பிறகு மாமாவும் இல்லை, தே-குவும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் துப்பாக்கி அவளிடம் வருகிறது. அதனால்தான் இதை இரவல் துப்பாக்கி என்கிறேன். அடமானமாக அவள் உயிரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த இரவல்.

கேட்கலாம்: இந்த வகைப் படங்களில் ஆண்களும்தானே சாகிறார்கள்? சுன்-வூ சாகிறான், தே-கு சாகிறான். உண்மை. மரணம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே விதமாக இல்லை. சுன்-வூ தன் கையால் செய்த ஒரு செயலுக்காகச் சாகிறான். தே-கு பேரம் பேசிச் சாகிறான்: நான் வருகிறேன், அந்தப் பெண்ணை விட்டுவிடு. அந்தப் பேரத்தை மா என்ற எதிரிக் கும்பல்காரன் காப்பாற்றவும் செய்கிறான். ஜே-யோன் உயிரோடு இருப்பது இரண்டு ஆண்களுக்கு இடையிலான வாக்குறுதியின் விளைவு. அந்தப் பேரத்தில் அவள் பொருள், பங்காளி அல்ல. தே-குவை அவள் கண் முன்னால் குத்திக் கொல்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் உயிரோடு விட்டார்களோ என்று தோன்றும்.

அவள் யாருக்காகச் சுடுகிறாள் என்பதும் ஒரு கேள்வி. அவள் பெற்றோருக்காக அல்ல. அந்தக் கணக்கைப் படம் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுகிறது. அவள் பழிவாங்குவது சில நாள்களே பழகிய ஓர் ஆணுக்காக. அவளுக்கென்று சொந்தமாக ஒரு பெரிய துக்கம் இருந்தும், துப்பாக்கி எடுக்கும்போது அவனுடைய துக்கத்தையே எடுத்துக்கொள்கிறாள்.

இத்தனையும் எழுதிய பிறகும் அந்த உணவகக் காட்சியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. எதற்குக் கைதட்டினோம் என்பதற்கு விடை அந்த மேசையில் இருக்கிறது. படம் முழுக்க ஆண்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் யார் சாக வேண்டும் என்று முடிவுசெய்கிறார்கள். ஒரு நீண்ட காட்சியில் இரண்டு கும்பல்காரர்களுக்கு நடுவே காவல்துறை அதிகாரி ஒருவர் உட்கார்ந்து, இவனுக்கு இவ்வளவு, அவனுக்கு அவ்வளவு என்று பஞ்சாயத்து செய்கிறார். அரசும் கும்பலும் ஒரே தட்டில் சாப்பிடுகின்றன. அந்த மேசையில் எந்தப் பெண்ணுக்கும் நாற்காலி இல்லை. தே-குவின் அக்கா மகளின் சாவு அங்கே ஒரு எண்ணிக்கை. ஜே-யோனின் உயிர் ஒரு சலுகை.

அந்த மேசையை நோக்கித்தான் அவள் நடந்து வருகிறாள். சுன்-வூவைப் போல 'ஏன்' என்று கேட்டு நிற்பதில்லை. பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுப்பதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கடமை இவர்களுக்குத் தன்னிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை கூட்டங்களில், எத்தனை குழுக்களில், நம்மைப் பற்றி முடிவெடுக்கும் மேசைக்கு வெளியே நாம் கோப்போடு நின்றிருக்கிறோம்! கல்லூரியில் ஒருமுறை ஒரு மாணவியின் புகாரை விசாரிக்க உட்கார்ந்த ஆண்கள், அவளை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு, தேநீர் வரவழைத்துக் குடித்தார்கள். நானும் அவளோடு வராந்தாவில்தான் நின்றேன். பாயிலிருந்து நான் கைதட்டியபோது அந்தத் தேநீர்க் கோப்பைகள்தான் நினைவில் இருந்தன என்று இப்போது புரிகிறது.

ஆகவே கைதட்டலுக்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியை நமக்குக் கொடுத்த கையோடு படம் அவளைக் கடற்கரைக்கு அனுப்பிவிடுகிறது. மேசையை உடைத்தவள் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வாள் என்று கற்பனை செய்ய அதற்குத் தெரியவில்லை, அல்லது விருப்பமில்லை.

*

அடுத்த ஞாயிறு பார்க் சான்-வூக்கின் 'லேடி வெஞ்சன்ஸ்' பார்த்தோம். இதுவும் 2005இல் வந்ததுதான். கேங்ஸ்டர் படம் அல்ல, பழிவாங்கும் கதை. ஆனால் இதில் ஒரு துப்பாக்கி இருக்கிறது, அது யாரும் விற்ற துப்பாக்கி அல்ல.

செய்யாத கொலைக்காக 13 ஆண்டுகள் சிறையில் இருந்த கும்-ஜா, உள்ளே ஒரு வயதான வடகொரிய உளவாளிப் பெண்ணைப் பராமரிக்கிறாள். அந்த மூதாட்டி அவளுக்கு ஒரு துப்பாக்கியின் வரைபடத்தை விட்டுச் செல்கிறாள். வெளியே வந்ததும் சிறைத் தோழி ஒருத்தியின் கணவன் அதைச் செய்து கொடுக்கிறான். இரட்டைக் குழல், வெள்ளிப் பூவேலை. அழகாக இருக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. மிக நெருக்கத்தில் சுட்டால்தான் பயன்படும். மலம் அள்ளியும், மருந்து கொடுத்தும், சிறுநீரகம் தானம் செய்தும் அவள் சேர்த்த பெண்களின் நன்றிக்கடன்தான் அந்தத் துப்பாக்கியாக உருகி வார்க்கப்பட்டிருக்கிறது. எந்த மாமாவின் கிடங்கிலிருந்தும் அது வரவில்லை.

ஆனால் சமயம் வரும்போது கும்-ஜா அதைக் கொண்டு அவனைக் கொல்வதில்லை. அந்த மனிதன் பல குழந்தைகளைக் கொன்றவன் என்று தெரிந்ததும், பழி தனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று உணர்கிறாள். இறந்த குழந்தைகளின் குடும்பங்களை ஒரு கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு அழைக்கிறாள். என்ன செய்யலாம் என்று அவர்கள் உட்கார்ந்து வாதிடுகிறார்கள். ஒரு பாட்டி தன் பேத்தியின் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்கிறாள். அழகான துப்பாக்கி கடைசியில் செத்த உடலை நோக்கி வெடிக்கிறது. பார்க்க அருவருப்பாக இருக்கிறது. இருக்கவும் வேண்டும். இதை நான் நியாயம் என்று சொல்லவில்லை, படமும் சொல்வதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இங்கேயும் ஆள்கள் கூடி உட்கார்ந்து ஒருவனின் உயிரைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். ஆனால் இழந்தவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்காரச் சொன்னவள் ஒரு பெண். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவள் அந்த இடத்தை உண்டாக்கியிருக்கிறாள்.

பழிவாங்கியதால் கும்-ஜாவுக்கு நிம்மதி கிடைப்பதில்லை. பனி கொட்டும் தெருவில், மகள் பக்கத்தில் இருக்க, வெள்ளை கேக்கில் முகத்தைப் புதைத்து அழுகிறாள்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. படம் முடிந்தும் சற்று நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போன வாரம் கேள்வி கேட்டவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இல்ல மேடம், மனசு கஷ்டமா இருக்கு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இவ உயிரோட இருக்கா," என்றாள்.

நான் எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்தேன்.